மஞ்சள் இல்லாத குருவி

மருத்துவமனை, மூன்றாம் வார்டு
1954 பிப்ரவரி 8

அன்புள்ள ஒஸ்லா,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். அப்பாவின் முழங்கால் எப்படி? பசு ஃப்ளெக்கா சினையாக இருக்கும்போது ஈரப் புல்லைப் போடாதே, வயிறு உப்பிவிடும். நான் இங்கே வந்து நான்கு மாதமாகிறது. எடை கூடியிருக்கிறது, இருமல் குறைந்திருக்கிறது. நெஞ்சில் இருக்கும் பூச்சியெல்லாம் ஊசிக்குப் பயந்து ஓடிவிட்டதாக டாக்டர் சொல்கிறார். ஜூனுக்குள் ஸ்டென்னா தீவுக்குத் திரும்பலாமாம்.

பறவை நிலையத்தை நடத்தும் ஹால்க்ரோ கடிதம் போட்டிருந்தார். நான் வரும்வரை நிலையத்து வலைக்கூண்டுகளைக் காலையும் மாலையும் சுற்றிவர உன்னைக் கேட்டதாகவும், நீ சரியென்றதாகவும். படித்துவிட்டுப் பக்கத்துக் கட்டில் எஃபியிடம் சொல்லிச் சிரித்தேன். கோழி சிறகடித்தாலே கத்துகிறவள் நீ!

சொல்வதைக் கேள். கல்சுவரை ஒட்டி நட. கத்தாதே, கை தட்டாதே. பறவை தானாகவே உன் முன்னால் நகர்ந்து வலைக்குள் போகும். உள்ளே குறுகக் குறுக, கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் விழும். எடுக்கும்போது அதன் கழுத்து உன் இரண்டு விரலுக்கு நடுவில் இருக்க வேண்டும். எண் பொறித்த வளையத்தைக் காலில் மாட்டு, இறக்கையை அள, எண்ணை எழுது, விடு. பெயர் தெரியாவிட்டால் இடத்தைக் காலியாக விடு. ஊகித்து எழுதாதே.

இன்னொன்று. இந்த ஆண்டிலிருந்து சம்பளத்துக்கு ஓர் உதவியாளரை வைக்க நிலையத்துக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. ஏழு ஆண்டு சும்மாவே அந்தச் சுவரோரம் நடந்தவள் நான். கிளம்பின அன்று படகுத்துறையில் ஹால்க்ரோ சொன்னார்: "அது உனக்குத்தான் கிர்ஸி. வேற யாருக்கு?" ஆகவே நீ இப்போது என் இடத்தைப் பார்த்துக்கொள்கிறாய், அவ்வளவுதான். ஒழுங்காகப் பார்த்துக்கொள்.

அப்பாவுக்கு என் அன்பு.
உன் அக்கா,
கிர்ஸி


ஸ்டென்னா
பிப்ரவரி 24

அன்பு அக்காவுக்கு,

நாங்க எல்லாரும் சௌக்கியம். நீ நல்லா சாப்பிடறியா? ரெண்டு வாரமா படகே வரல, கடல் அப்படிக் கொந்தளிப்பு. உன் கடிதம் நேத்துதான் கைக்கு வந்துச்சு. அப்பா முழங்காலுக்குக் கம்பளி சுத்திக்கிட்டு அடுப்புப் பக்கத்துலயே உக்காந்திருக்காரு. ஃப்ளெக்காவுக்கு வயிறு இவ்ளோ பெருசு, கதவுல நுழைய மாட்டேங்குது.

நீ எழுதினதையேதான் ஹால்க்ரோவும் முன்னாடியே சொல்லித் தந்தாரு, அப்படியே நடந்தேன். முதல் நாள் ஒரு கருங்குருவி என் கட்டைவிரலக் கொத்துச்சு பாரு, அம்மான்னு கத்தினேன். ஹால்க்ரோ சிரிச்சு சிரிச்சு சுவத்துல சாஞ்சுட்டாரு. ஆனா மூணாம் நாள்ல இருந்து பழகிடுச்சுக்கா. உள்ளங்கைல அது நெஞ்சு அடிக்கறது தெரியுது. சின்னக் கடிகாரம் மாதிரி. இது எப்படின்னு நீ ஒருநாளும் எங்கிட்ட சொன்னதே இல்லையே! வாய மூடிக்கிட்டு ஏழு வருஷம் நீயே வச்சுக்கிட்டியா?

வானம்பாடி வந்தாச்சு. கடற்கரைல சிப்பிபிடிப்பான் எல்லாம் சந்தைக்கூச்சல் போடுது. ஆள்காட்டிகளும் வயல்ல இறங்கிடுச்சு. இதுவரைக்கும் முப்பத்தி ஒரு வளையம் மாட்டியிருக்கேன். உன் பூட்ஸுக்குள்ள கம்பளிய அடைச்சுப் போட்டுக்கறேன், உன் பச்சை ஜாக்கெட்டும்தான். திட்டாத.

ஹால்க்ரோ என்ன சொன்னாரு தெரியுமா? "உங்க அக்காவுக்கு இந்தக் கை வர ஆறு மாசம் ஆச்சு. உனக்கு ஆறு நாள்ல வந்துடுச்சே!" நான் வேணும்னே சொல்லிக் காட்டல, நீ சந்தோஷப்படுவேன்னு எழுதறேன்.

உடம்பப் பாத்துக்கோ.
ஒஸ்லா


மருத்துவமனை
மார்ச் 4

அன்புள்ள ஒஸ்லா,

நலம். அங்கேயும் நலம்தானே.

ஹால்க்ரோ எல்லோரையும் இப்படித்தான் புகழ்வார். காலையில் எழுந்துவர ஆள் வேண்டுமே அவருக்கு. எனக்கு ஆறு மாதம் ஆனது உண்மை. அப்போது கூண்டே கிடையாது. அதைக் கட்டினதே நானும் அவரும்தான். கம்பி இழுத்து என் உள்ளங்கை கிழிந்ததை அவர் உன்னிடம் சொன்னாரா?

கடிதத்தோடு நீ வைத்திருந்த அளவுத்தாளைப் பார்த்தேன். சூறைக்குருவியின் இறக்கையைத் தப்பாக அளந்திருக்கிறாய். அளவுகோலில் அழுத்திப் பிடித்து அள. ஜாக்கெட்டைத் துவைத்துப் பெட்டியில் வை. அதன் இடது பையில் என் பென்சில் இருக்கும், அதைத் தொடாதே.

இங்கே ஜன்னலுக்கு வெளியே ஒரு சாக்கடைக் குழாய். அதில் இரண்டு ஊர்க்குருவி. நான் நாளெல்லாம் பார்க்கும் பறவை அவைதான். உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது எஃபி கேட்டாள்: "என்னடி, வீட்ல யாராவது செத்துட்டாங்களா? மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?" "இல்ல, எல்லாரும் ரொம்ப நல்லா இருக்காங்க" என்றேன். "அதான் தெரியுதே" என்று சிரித்தாள். கெட்ட வாய் அவளுக்கு.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.
கிர்ஸி


ஸ்டென்னா
மார்ச் 24

அன்பு அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கு? காய்ச்சல் திரும்ப வந்துச்சுன்னு நர்ஸம்மா அப்பாவுக்கு எழுதியிருந்தாங்க. எங்கிட்ட நீ ஏன் சொல்லல?

தென்கிழக்குக் காத்து மூணு நாள் வீசுச்சுக்கா. மழையும் சேந்துக்கிச்சு. ஏழு வருஷத்துல இப்படி ஒரு மார்ச் பாத்ததில்லன்னு ஹால்க்ரோ சொல்றாரு. சுவர் பூராவும் பறவை. ராபின், கருங்குருவி, வெண்பிட்டக் குருவி. எல்லாம் நனைஞ்சு, களைச்சு, பறக்க முடியாம காலடில ஓடுதுங்க. சோறு தண்ணி இல்லாம நடந்தேன். இருநூத்திப் பன்னெண்டு! ஒரு கருங்குருவி கால்ல நார்வே வளையம் இருந்துச்சு. லெர்விக் பத்திரிகைல என் படத்தோட போட்டுட்டாங்க. அப்பா அத வெட்டி அடுப்புக்கு மேல ஒட்டியிருக்காரு. போறவர்றவங்களுக்கெல்லாம் காட்டறாரு.

ஒண்ணு கேக்கணும். ஏப்ரல் கடைசில கமிட்டிக்காரங்க வர்றாங்க. ஹால்க்ரோ என்னையும் அந்த வேலைக்கு எழுதிப் போடச் சொல்றாரு. "அது அக்காவோடது"ன்னேன். "கிர்ஸிக்கு உடம்பு சரியாகட்டும், பாப்போம். இப்ப இருக்கறவங்களத்தான் அவங்க கேப்பாங்க"ன்னாரு. அவரா சொன்னாரு, நான் கேக்கல. நீ வேண்டாம்னா நான் போடல. சத்தியமா.

பதில் போடு.
ஒஸ்லா


மருத்துவமனை
ஏப்ரல் 1

ஒஸ்லாவுக்கு,

நலம். காய்ச்சல் ஒன்றும் பெரிதில்லை.

தாராளமாக எழுதிப் போடு. நான் யார் வேண்டாமென்று சொல்ல? தீவு எல்லோருக்கும் பொது, பறவையும் அப்படித்தான்.

ஊசி போட வருகிறார்கள். நிறுத்துகிறேன்.
கிர்ஸி


ஸ்டென்னா
ஏப்ரல் 7

அன்பு அக்காவுக்கு,

நீ குட்டிக் கடிதம் போட்டா எனக்கு பயமா இருக்கு. உடம்பு நிஜமாவே தேவலயா? இங்க எல்லாரும் சௌக்கியம். ஹால்க்ரோ பொண்டாட்டிக்குப் பிரசவ நேரம், அவரு லெர்விக் போய்ட்டாரு. ஈஸ்டர் முடிஞ்சுதான் வருவாரு. நான் மட்டும்தான் நிலையத்துல.

நேத்துக் காலைல மேற்குக் கூண்டுல ஒண்ணு விழுந்துச்சு. பாத்தா மஞ்சள்தலைக் குருவி மாதிரியேதான் இருக்கு, பெட்டை. ஆனா உடம்புல ஒரு பொட்டு மஞ்சள் இல்லக்கா. தலை சாம்பலும் பழுப்பும். வயிறு வெள்ளை, அதுல துருப்பிடிச்ச மாதிரிக் கோடுகள். வால் ஆரம்பிக்கற இடம் செம்பழுப்பு. இறக்கைச் சிறகோட விளிம்பு மஞ்சளா இருக்கணும்ல? இதுக்கு வெள்ளை. வெளிச்சத்துல மூணு தடவை பிரிச்சுப் பாத்தேன். வெள்ளைதான். இறக்கை தொண்ணூத்தொரு மில்லிமீட்டர், அழுத்திப் பிடிச்சு அளந்தேன், நீ சொன்ன மாதிரி.

வளையம் மாட்டி விட்டுட்டேன். சுவர் மேல கொஞ்ச நேரம் உக்காந்து என்னையே பாத்துச்சு. அப்புறம் வடக்குப் பாறைக்கு மேல பறந்துபோச்சு. குறிப்பேட்டுல பேர் எழுதற இடத்தக் காலியா விட்டிருக்கேன். நீ சொன்னா எழுதறேன். இது என்னக்கா?

சீக்கிரம் பதில் போடு. புதன்கிழமைப் படகுக்குக் காத்திருப்பேன்.
ஒஸ்லா


மருத்துவமனை
ஏப்ரல் 12

அன்புள்ள என் தங்கச்சிக்கு,

நான் மிகவும் நலம். நீ கவலைப்படவே வேண்டாம். காய்ச்சல் இறங்கிவிட்டது, நேற்று தோட்டத்தில் ஐந்து நிமிடம் நடக்கவிட்டார்கள். அப்பாவுக்கும் ஃப்ளெக்காவுக்கும் என் அன்பு. நீ தனியாக நிலையத்தைப் பார்த்துக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம்! நேரத்துக்குச் சாப்பிடு.

உன் குருவியைப் பற்றி. அது மஞ்சள்தலைக் குருவிதான், வயதான பெட்டை. பலமுறை துவைத்த துணி மாதிரி அவற்றுக்கு மஞ்சள் வெளுத்துப்போவதுண்டு. நானே ஓரிரண்டு பார்த்திருக்கிறேன். "மஞ்சள்தலைக் குருவி, பெட்டை" என்று எழுதி முடித்துவிடு. ஹால்க்ரோவிடம் இதைக் கொண்டுபோக வேண்டாம். கமிட்டி வரும் நேரம், இதுகூடத் தெரியவில்லையா என்று நினைத்துவிடுவார்கள். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

என்றும் உன்,
கிர்ஸி


ஸ்டென்னா
மே 5

அன்பு அக்காவுக்கு,

உடம்பு தேறிக்கிட்டு வரும்னு நம்பறேன். அப்பா நல்லா இருக்காரு. ஃப்ளெக்கா கன்னு போட்டுடுச்சு. பொட்டைக் கன்னு, நெத்தில வெள்ளை.

கமிட்டி வந்துட்டுப் போச்சு. வேலை எனக்குக் கிடைக்கல.

அந்தக் குருவி, நான் கேட்டேன்ல, அது இங்கருந்து வடக்க இருக்கற கலங்கரை விளக்கத்துல மோதிச் செத்துக் கிடந்திருக்கு. விளக்கக்காரர் கால்ல இருந்த வளையத்தப் பாத்துட்டு உடம்ப லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருக்காரு. அது பைன்காட்டுக் குருவியாம். சைபீரியாவுல இருக்கறது. நம்ம தீவுல இதுவரைக்கும் யார் கண்ணுலயும் பட்டதே இல்லையாம். வளையத்தோட எண்ண வச்சு நம்ம குறிப்பேட்டப் பாத்தா, என் கையெழுத்துல "மஞ்சள்தலைக் குருவி, பெட்டை".

கமிட்டிக்காரங்க மூணு பேரும் நம்ம வீட்டு மேசைலயே உக்காந்திருந்தாங்க. நான் உப்பிறைச்சி வேகவச்சுப் போட்டேன். சாப்பிட்டு முடிச்சுட்டு அவங்கள்ல மூத்த கிழவர் கேட்டாரு: "இந்தப் பேர வச்சது யாரும்மா?"

"நான்தான்."

"யார்கிட்டயாவது கேட்டியா?"

"இல்ல. நானா எழுதினேன்."

"தெரியலன்னா காலியா விடணும்னு உனக்கு யாரும் சொல்லித் தரலியா?"

"சொல்லித் தந்தாங்க. நான்தான் கேக்கல."

ஹால்க்ரோ தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. எடின்பரோவுல இருந்து படிச்ச ஒருத்தர் வரப்போறாராம். அவரு வர்ற வரைக்கும் நான் நடக்கலாம்.

உன் கடிதத்த அடுப்புல போட்டுட்டேன். அவ்ளோ தூரத்துல இருந்துக்கிட்டு, பாக்காமயே சொல்றதுன்னா யாருக்கும் தப்பு வரும். நீ மனசு கஷ்டப்படாத.

ஒஸ்லா


மருத்துவமனை
மே 11

ஒஸ்லா,

நலம் விசாரிக்க எனக்கு இன்று யோக்கியதை இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

தப்பு வரவில்லை. பொய் சொன்னேன்.

சிறகின் விளிம்பு வெள்ளை என்று நீ எழுதியிருந்த வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நீ அதைக் கையில் பிடித்திருப்பது கண்ணெதிரே தெரிந்தது. என் கூண்டு, என் பூட்ஸ், என் ஜாக்கெட். ஏழு வருடம் மழையிலும் குளிரிலும் நான் எதற்காக நடந்தேனோ, அது ஏழு வாரத்தில் உன் கைக்கு வந்து உட்கார்ந்திருந்தது. உனக்கு அதன் பெயர்கூடத் தெரியவில்லை என்று நினைத்தேன். நான் சொல்லாவிட்டால் அது அங்கே வரவே இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். எழுதினேன். மடித்தேன். எஃபியிடம் கொடுத்து ஒட்டச் சொன்னேன். அன்று ராச்சாப்பாட்டை முழுவதும் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் எதிரில் நீ என் பெயரைச் சொல்லவில்லை. "நான்தான்" என்றாய். அந்த வார்த்தையைப் படித்த பிறகு எனக்கு எதுவும் இறங்கவில்லை.

ஹால்க்ரோவுக்கும் கமிட்டிக்கும் நடந்ததை அப்படியே எழுதிவிட்டேன். உன் ஏப்ரல் 7 கடிதத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அதில் நீ விவரித்ததைப் படித்தால் குழந்தைக்கும் தெரியும் அது என்ன பறவையென்று. இடத்தைக் காலியாக விட்டதும் அதில் இருக்கிறது. நீ செய்ய வேண்டியதையெல்லாம் சரியாகச் செய்திருக்கிறாய்.

மன்னிப்புக் கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன்.
கிர்ஸி


ஸ்டென்னா
மே 27

கிர்ஸிக்கு அப்பா எழுதறது.

நான் நல்லா இருக்கேன். முழங்கால் வெயில் வந்தா சும்மா இருக்கு. எனக்குக் கடிதம் எழுத வராதுன்னு உனக்குத் தெரியும், உங்கம்மா போனதுக்கப்புறம் இதுதான் முதல் கடிதம்.

போன வாரம் படகுல உன் கடிதம் வந்துச்சு. ஒஸ்லா படிச்சா. எழுந்து போய் மாட்டுக் கொட்டில்ல உக்காந்துக்கிட்டா. சாப்பிடக் கூப்பிட்டா "பசிக்கல"ங்கறா. மறுநாள் ஹால்க்ரோ கைல ஒரு காயிதத்தோட வந்தாரு. ரெண்டு பேரும் வெளில நின்னு பேசினாங்க, எனக்குக் காது கேக்கலன்னு நெனச்சுக்கிட்டு. என் காது நல்லாத்தான் இருக்கு.

நான் ஒண்ணும் கேக்கல. ரெண்டும் என் பொண்ணுங்கதான். ஒருத்திக்காக ஒருத்திகிட்ட பேச எனக்குத் தெரியாது. ஆனா தினமும் இவ ஒரு காயிதம் எடுத்து உன் பேர எழுதறா, கிழிச்சு அடுப்புல போடறா. இந்த மாசம் அடுப்பெரிக்கற கரிமண் கட்டி மிச்சம்.

டாக்டர் உன்னை விடறாரான்னு எழுது. கன்னுக்குட்டி நல்லா இருக்கு.

அப்பா


ஸ்டென்னா
ஜூன் 9

கிர்ஸிக்கு,

நீ தேறிட்டன்னு டாக்டர் எழுதின கடிதம் அப்பாவுக்கு வந்துச்சு. நல்லது.

வேலை எனக்குத்தான். ஜூலைல இருந்து. எடின்பரோக்காரர வேற எடத்துக்கு அனுப்பிட்டாங்க. அந்தக் கிழவர் எனக்குக் கைப்பட எழுதியிருக்காரு. உன்னைப் பத்தியும் எழுதியிருக்காரு. நீ இனிமே குறிப்பேட்டத் தொடக்கூடாது, கூண்டுப் பக்கம் வரக்கூடாது. ஹால்க்ரோ கெஞ்சிப் பாத்தாராம், கேக்கல. நான் கெஞ்சல. அதையும் நீ தெரிஞ்சுக்கோ.

உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. அது பைன்காட்டுக் குருவின்னு எனக்கு அன்னிக்கே தெரியும்.

குருவிய விட்டுட்டு நேரா ஹால்க்ரோ அலமாரிக்குப் போய் அந்தப் பெரிய புத்தகத்தப் பிரிச்சேன். படம் இருந்துச்சு. வெள்ளை விளிம்பு, துருக்கோடு, எல்லாம். ரெண்டு தடவை வாசிச்சேன். அப்புறம் எதுக்கு உனக்கு எழுதினேன்னு கேப்ப. உன் வாயால வரணும்னு. "ஒஸ்லா, நீ என்ன பிடிச்சிருக்கன்னு தெரியுமாடி?"ன்னு நீ எழுதணும்னு. சின்ன வயசுல இருந்து கிர்ஸி தங்கச்சின்னுதான் என்னக் கூப்பிடறாங்க. நீ பறவை பின்னாடி போனப்போ நான் மாடு கறந்தேன், அடுப்பு ஊதினேன். நீ வந்து சாப்பிடறப்போ ஹால்க்ரோவோட பேசுவ, எனக்கு ஒரு வார்த்தை புரியாது. எனக்கும் எரிஞ்சுதுக்கா. ஒரு தடவை, ஒரே தடவை, நீ என்னப் பாத்து அசந்துபோகணும்னு ஆசைப்பட்டேன்.

உன் கடிதம் வந்துச்சு. மேசைல ஒருபக்கம் புத்தகம், ஒருபக்கம் உன் கடிதம். ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அச்சடிச்சதுல தப்பு இருக்கலாம், அக்காவுக்குத் தப்பு வராதுன்னு நெனச்சேன். உன்னை நம்பித்தான் எழுதினேன்.

வேலை போனதுகூட ஆறிடுச்சு. இது ஆறல.

வர்றதும் வராததும் உன் இஷ்டம். உன் கட்டில் இருக்கற எடத்துலயே இருக்கு.
ஒஸ்லா


மருத்துவமனை
ஜூன் 15

அன்புள்ள ஒஸ்லா,

என்னை அனுப்பிவிட்டார்கள். எஃபி என் பெட்டியைக் கட்டிக்கொடுத்தாள். உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். எப்போதும் ஏதாவது சொல்பவள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உனக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். எழுதவில்லை. உனக்கு ஒரு பொய் எழுதியாகிவிட்டது, அது போதும். படித்ததும் வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. படகிலிருந்து இறங்கும்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கும். கிழவர் செய்தது நியாயம் என்று தெரிகிறது, தெரிந்தும் எரிகிறது. காலையில் நீ சுவரோரம் போகும்போது நான் ஃப்ளெக்காவைக் கறந்துகொண்டிருப்பேன். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. நீ வீட்டுக்கு வந்து அன்று விழுந்ததைச் சொல்லு. சில நாள் நான் எழுந்து போய்விடுவேன். நீ பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இரு, திரும்பி வந்துவிடுவேன்.

ஒரு பறவையைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் புத்தகத்தைப் பிரித்துப் பார். நான் எதிரில் இருக்கும்போதே பார். எனக்கு வலிக்கும், பரவாயில்லை.

நீ எழுதின அந்த விவரிப்பை மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். ஏழு வருடத்தில் நான் எழுதின எதுவும் அவ்வளவு நன்றாக இல்லை. இதைச் சொல்ல ஏப்ரலில் எனக்கு ஒரு தபால்தலை போதுமாயிருந்தது.

அடுத்த புதன்கிழமைப் படகில் வருகிறேன். துறையில் யாரும் வந்து நிற்க வேண்டாம். நின்றால் அழுதுவிடுவேன். ஆனாலும் நில்.

கிர்ஸி